அந்தோணியின் கண்ணும் பதினாலாம் விதியும்

அந்தோணிக்குக் கண் ஒன்றுதான். வலது கண். இடது கண்ணைச் சுண்ணாம்புக் குழி வாங்கிக்கொண்டு ஆறு வருஷம் ஆகிறது. இந்தக் கதை அந்த மிச்சக் கண்ணைப் பற்றியது. அது கடைசியில் இருந்ததா போனதா என்று இப்போதே கேட்காதீர்கள். ஆனால் உங்களில் மனசு இளகினவர்கள் இருப்பீர்கள். உங்களுக்காக ஒன்று மட்டும் சொல்லிவைக்கிறேன்: இந்தக் கதையில் ரத்தம் கொஞ்சம்தான் வரும். கமிட்டிதான் நிறைய வரும்.

ஆம்பூருக்கு மேற்கே, பாலாற்று மணலைப் பார்த்தபடி ஒரு தோல் கம்பெனி இருந்தது. தோலை மயிர் உதிர ஊறப்போடும் சுண்ணாம்புக் குழியில்தான் அந்தோணி முதலில் வேலை பார்த்தான். ஒருநாள் ஒரு தோல் வழுக்கிக் குழிக்குள் விழுந்தது, குழி எகிறி அவன் முகத்தில் விழுந்தது. அன்றிலிருந்து அவன் சுண்ணாம்பைக் கையால் தொடுவதில்லை. வெற்றிலை போடுவான், ஆனால் வெறும் வெற்றிலை, வெறும் பாக்கு. "ஆடு தழை மேயற மாதிரி இருக்குதுய்யா" என்று அவன் பெண்டாட்டி சவுரியம்மாள் சிரித்தாலும் சுண்ணாம்பு டப்பியைத் திரும்பிப் பார்க்கமாட்டான்.

கண் போனதற்குப் பரிகாரமாகக் கம்பெனி அவனைக் குழியிலிருந்து தூக்கிச் சக்கரத்தில் போட்டது. சக்கரம் என்பது சோற்றுத் தட்டு அகலத்தில் ஒரு இரும்பு வட்டு. எஞ்சினிலிருந்து வரும் வார் அதைக் கிறுகிறுவென்று சுற்றும். வட்டின் முகத்தில் ஒரு ரப்பர் மெத்தை ஒட்டியிருக்கும், மெத்தையின்மேல் உப்புத்தாள். பூட்ஸுக்குப் போகிற தோலை அதில் காட்டினால் சொரசொரப்பெல்லாம் போய்ப் பட்டு மாதிரி ஆகிவிடும். மெத்தை மெத்தென்று இருக்கிறவரை எல்லாம் சுகம். அது காய்ந்து கட்டையாகிவிட்டால், சுற்றுகிற வேகத்தில் வெடித்துத் துண்டு துண்டாகத் தெறிக்கும். எங்கே தெறிக்கும்? சக்கரத்துக்கு எதிரே ஒரு முகம் இருக்கிறதே, அங்கேதான்.

அந்த ஊர் வெயில் உங்களுக்குத் தெரியும். அந்த வெயிலில், தகரக் கூரை போட்ட ஒரு நீளமான கிடங்கில்தான் மெத்தைகள் இருந்தன. ஒரே ஒரு வாசல், கோழிக்கூட்டுக்கு இருக்கிற மாதிரி. அந்தக் கிடங்கின் அதிகாரி கோதண்டராமன். கம்பெனிக்காக அவரே எழுதிய ஐம்பத்திரண்டு விதிகளும் அவருக்கு மனப்பாடம். பிள்ளைகளின் பெயர் மட்டும் சில சமயம் மாறிவிடும்.

ஐம்பத்திரண்டில் அவருக்குச் செல்லப் பிள்ளை பதினாலாம் விதி. 'முதலில் வந்தது முதலில் போகவேண்டும்.' பழசு இருக்கும்போது புதுசை எடுக்கக்கூடாது. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் கம்பெனி தொடங்கிய வருஷம், வருஷத்துக்கு நூறு மெத்தை செலவாகிற இடத்தில் யாரோ ஆயிரம் என்று எழுதிவிட்டார்கள். ஆயிரமும் வந்து இறங்கியது. அதற்கப்புறம் ஒவ்வொரு வருஷமும் வழக்கப்படி நூறு வந்துகொண்டே இருந்தது. வந்த நூறு கிடங்கின் கடைக்கோடியில் போய் உட்காரும். வாசலண்டை இருக்கிற பழசு தீரத் தீர ஒரு வரிசை முன்னால் நகரும். ஒன்பது வருஷம் தகரத்துக்கடியில் வெந்து, வெடித்து, கெட்டிப்பட்டு, 'இனி நம்மால் ஆகாது' என்கிற நிலைக்கு வரும்போதுதான் அதன் முறை வரும். அதாவது, முதல் வருஷம் போக, அந்தக் கம்பெனியில் எந்த மெத்தையும் புதுசாகச் சக்கரம் ஏறியதே இல்லை. புதுசாக வாங்கி, பழசாக்கி, பிறகு கொடுத்தார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அந்தோணியின் மெத்தை வெடித்தது. ஒரு துண்டு அவன் கன்னத்தில் ஏறி உட்கார்ந்தது. கண்ணுக்குக் கீழே இரண்டு விரற்கடை.

மேஸ்திரி ஜியாவுல்லா ஓடிவந்து வாரைத் தள்ளிச் சக்கரத்தை நிறுத்தினார். "அரே, கண்ணு இருக்குதா பா?"

"இருக்குது பாய். நீங்க தெரியறீங்க."

"நானு தெரிஞ்சா போதாது. இது எத்தினி விரலு?"

"மூணு. உங்க தாடியில ரப்பரு ஒட்டிக்கினு இருக்குது."

மெத்தை உடைந்தால் பழசைக் கொடுத்துத்தான் வேறு வாங்கவேண்டும். இருபத்தியோராம் விதி. அந்தோணி துண்டுகளைத் தோள்துண்டில் முடிந்துகொண்டு கிடங்குக்குப் போனான். கோதண்டராமன் தராசில் போட்டார். முக்கால் ராத்தல் இருக்கவேண்டியது, அரை ராத்தல்தான் இருந்தது.

"எடை கம்மியா இருக்குதே. மிச்சம் எங்கே?"

"தெறிச்சுப் போச்சுங்க ஐயா."

"எங்கே தெறிச்சுது? கம்பெனி சாமான் காத்துல கரையாது. இடம் சொல்லு."

"கொஞ்சம் கூரையில, கொஞ்சம் மேஸ்திரி தாடியில, கொஞ்சம் என் கன்னத்துக்கு உள்ளார இருக்குதுங்க."

கோதண்டராமன் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அவன் கன்னத்தைப் பார்த்தார். பரிவாகத்தான் பார்த்தார். "உள்ளே இருக்கிறதும் கம்பெனி சொத்துதான் பா. எடுத்துக்கிட்டு வா."

தோலைப் பதனிடப் பட்டை இடிக்கிற கொட்டகையில் சவுரியம்மாள் ஆவாரம்பட்டை இடித்துக்கொண்டிருந்தாள். உலக்கையைச் சாத்திவிட்டு, புருஷன் தலையை மடியில் வைத்து, கருவேல முள்ளால் கன்னத்தைக் கிளறித் துண்டை எடுத்தாள். அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். மிளகு அளவு இருந்தது.

"ந்தா, கம்பெனி சொத்து. ரெண்டு விரக்கடை மேல ஏறியிருந்தா கண்ணையும் சேத்துத் தராசுல போட்டிருப்பாங்க. யோவ், நல்ல மெத்தையாக் குடுக்கச் சொல்லுய்யா. இல்லாங்காட்டி சக்கரத்தை வுட்டு வந்துடு."

"வந்தா எங்க போடுவாங்க? திரும்பவும் குழியிலதான்."

சவுரியம்மாள் முள்ளைத் துடைத்து முந்தானையில் குத்திக்கொண்டாள்.

மேஸ்திரி தாடியை உதறினார், கூரையைக் கூட்டினார்கள், அந்தோணியின் தலையை வாரினார்கள். அப்படியும் எடை சேரவில்லை. கடைசியில் ஜியாவுல்லா ஒரு பிடி ஆவாரம்பட்டைத் தூளை அள்ளி அதில் போட்டார். தராசு முள் நேராக நின்றது.

"பாத்தியா? தேடினா கிடைக்கும்னு சொன்னேன்ல?" என்றார் கோதண்டராமன்.

அவர் எடுத்துக்கொடுத்த அடுத்த மெத்தையை அந்தோணி கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தான். விரல்தான் நசுங்கியது, மெத்தை அமுங்கவில்லை. மேலே கோடை ஏரி மாதிரி வெடிப்பு.

"ஐயா, உள்ளாரக் கடைசியில இருந்து புது ரப்பர் வாசனை வருதுங்களே. அதுல ஒண்ணு குடுத்தீங்கன்னா..."

கோதண்டராமனுக்கு முகம் சிவந்துவிட்டது. "அது இப்பத்தான் வந்திருக்குது. இன்னும் அதுக்கு வயசாகலை. பச்சைக் குழந்தையைக் கல்யாணம் பண்ணிக் குடுக்கக்கூடாதுன்னு சர்க்காரே சட்டம் போட்டுடுச்சு, நீ ரெண்டு மாசத்து மெத்தையைக் கேக்கறியே, உனக்கு மனசாட்சி இருக்குதா?"

"சரிங்க. அப்போ கண்ணுக்குப் போட்டுக்க ஒரு கண்ணாடியாவது..."

"கண்ணாடி இருக்குது. ரெண்டு கண்ணுக்கானது. உனக்கு ஒண்ணுதான். பாதிக் கண்ணாடி சும்மா கிடந்தா வீண் செலவுன்னு ஆகும். முப்பதாம் விதி."

அந்தோணி வெடித்த மெத்தையோடு திரும்பி வந்தான். அது வியாழக்கிழமைவரை தாங்கியது. இந்த முறை துண்டு புருவத்தில் பட்டது. அரை விரற்கடை மேலே. ரத்தம் கண்ணுக்குள் இறங்கியதால், கொஞ்ச நேரம் கண் போய்விட்டது என்றே எல்லோரும் நினைத்தார்கள். அவனும் நினைத்தான். சவுரியம்மாள் தண்ணீர் விட்டுக் கழுவினபிறகு முதலில் அவள் மூக்குத்தி தெரிந்தது. அப்புறம் அவள் தெரிந்தாள். ரத்தம் இவ்வளவுதான், மூச்சை விடுங்கள். இனிமேல் கமிட்டி.

ஒரே வாரத்தில் இரண்டு மெத்தை உடைந்ததால் விசாரணைக் கமிட்டி வைக்கவேண்டும் என்றது நாற்பதாம் விதி. விசாரணை கிடங்கைப் பற்றியது என்பதால் கிடங்கைப் பற்றி நன்றாகத் தெரிந்தவரே தலைவராக இருக்கவேண்டும். அப்படித் தெரிந்தவர் கோதண்டராமன் ஒருவர்தான். முக்கிய சாட்சியும் அவரே. குமாஸ்தா சம்பத் எழுதிக்கொள்ள, தலைவர் தம் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து சாட்சி நாற்காலியில் உட்கார்ந்தார். சாட்சி நாற்காலியில் இருந்தபடி, காலியான தலைவர் நாற்காலிக்கு ஒரு வணக்கம் வைத்தார்.

"மெத்தை எந்த நிலையில் இருந்தது?" என்று தலைவர் குரலில் கேட்டார்.

"நல்ல நிலையில் இருந்ததுங்க" என்று சாட்சிக் குரலில் சொன்னார்.

"அத்தாட்சி?"

"இங்கிலாந்திலிருந்து மெத்தையோடு வந்த பத்திரம் இருக்குதுங்க. 1926ஆம் வருஷம், 'நல்ல நிலை' என்று எழுத்து மூலம். அதற்குப் பிறகு நிலை மாறிவிட்டதாக ஒரு கடுதாசியும் வரவில்லை. எழுத்து இல்லாமல் ஒரு சாமான் எப்படி மாறும்?"

இந்தப் பதில் தலைவருக்கு மிகவும் திருப்தியாக இருந்தது. சாட்சியைப் பாராட்டி, போகலாம் என்றார். போய்த் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

ஓரமாக நின்றிருந்த ஜியாவுல்லாவுக்குப் பொறுக்கவில்லை. "சார், இருவத்தாறுல உங்க தலையில முடி ஜாஸ்தி இருந்துச்சு. அது போனதுக்கு எந்தக் கடுதாசி வந்துச்சு?"

"அது என் சொந்தச் சாமான். கம்பெனிச் சாமான் இல்லை" என்றார் தலைவர். சம்பத் அதையும் எழுதிக்கொண்டார்.

பிறகு தீர்ப்பு வாசிக்கப்பட்டது. மெத்தை நல்லது என்று நிரூபணமாகிவிட்டதால், கெட்டது தொழிலாளியின் கை. இருந்தாலும் கம்பெனி கருணை உள்ளது. ஒருவனுக்கு இரண்டு கண் இருந்தால் ஆபத்தும் இரண்டு. அந்தோணிக்கு ஒரு கண் மட்டுமே இருப்பதால் அவனுக்கு ஆபத்து மற்றவர்களைவிடப் பாதி. ஆகவே சக்கரத்துக்கு அவனே பொருத்தமானவன். இன்னும் ஒரு மெத்தை உடைந்தால் மட்டும் அவனைச் சுண்ணாம்புக் குழிக்கே திருப்பி அனுப்புவது.

"இன்னா பாய் சொல்றாரு?" என்று வெளியே வந்ததும் அந்தோணி கேட்டான்.

"மெத்தை உடைஞ்சா கண்ணு போவும். கண்ணு போவலன்னா குழிக்குப் போவணும், அங்கே போய் கண்ணு போவும். ரெண்டுல உனக்கு எது புடிக்குதோ அதை எடுத்துக்கோ. நல்ல கம்பெனி பா."

அந்தோணி அதற்கப்புறம் தோலைச் சக்கரத்தில் பட்டும் படாமல், தூங்குகிற குழந்தைக்கு ஈ ஓட்டுகிற மாதிரி, காட்டிக்கொண்டிருந்தான். வேலை ஓடவில்லை. ஆனால் மெத்தையும் உடையவில்லை. பத்து நாள் அப்படிப் போயிற்று.

அந்தச் சமயம் பார்த்து, மதராசிலிருந்து டைரக்டர் துரை கம்பெனியைப் பார்க்க வருகிறார் என்று தகவல் வந்தது. துரை வந்தால் சுண்ணாம்பு அடிக்கவேண்டும். எஞ்சினை நிறுத்திவிட்டு, சக்கரத்து ஆட்களையெல்லாம் கிடங்கைக் காலி செய்ய அனுப்பினார்கள். பத்து வரிசைப் பெட்டிகள். பெட்டிமேல் வருஷம் கிடையாது. எந்த வரிசை எந்த வருஷத்தது என்று சுவரில்தான் எழுதியிருந்தது: வாசலண்டை 1926, கடைக்கோடியில் 1935. வாசலில் இருந்த பழசு முதலில் வெளியே வந்தது. கடைசியில் இருந்த புதுசு கடைசியாக வந்தது. சுவருக்கு ஒரு பூச்சு சுண்ணாம்பு அடித்தார்கள். பொழுது சாய்வதற்குள் சாமான் கூரைக்குக் கீழே போய்விடவேண்டும் என்பது ஒன்பதாம் விதி. அதனால் சாயந்திரமே திரும்ப அடுக்கவேண்டி இருந்தது.

கைக்குக் கிட்டே இருந்த புதுப் பெட்டியை அந்தோணி முதலில் தூக்கினான்.

"வை கீழே!" என்று கத்தினார் கோதண்டராமன். "பதினாலாம் விதி இன்னா சொல்லுது? முதல்ல வந்தது முதல்ல போவணும். முதல்ல வெளியே வந்தது எதுவோ, அதுதான் முதல்ல உள்ளே போவணும்."

விதியை மீற அவர்கள் யார்? முதலில் வந்த பழம்பெட்டிகளை முதலில் கொண்டுபோனார்கள். முதலில் போனது கடைக்கோடிக்குத்தானே போகும்? ஒன்பது வயதுப் பெட்டிகளெல்லாம் உள்ளே கோடியில் போய் உட்கார்ந்துகொள்ள, கடைசியாக வந்த புதுப் பெட்டிகள் வாசலில் நின்றன. ஈரச் சுவரில் சம்பத் பழையபடி அதே இடத்தில் வருஷத்தை எழுதினார்: வாசலண்டை 1926, கடைக்கோடியில் 1935.

மறுநாள் காலையில் அந்தோணியின் மெத்தையில் விரிசல் விட்டிருந்தது. உடைவதற்கு முன்பே கழற்றிக்கொண்டு போய், முழு எடையோடு கொடுத்தான். 1926ஆம் வருஷ வரிசையிலிருந்து கோதண்டராமன் ஒன்று எடுத்துக் கொடுத்தார். அந்தோணி கட்டைவிரலால் அழுத்தினான். மெத்தை உள்ளே போய், மெதுவாக எழும்பி, விரலைத் தள்ளியது. இட்லி மாதிரி. மூக்கண்டை கொண்டுபோனான். புது ரப்பர் வாசனை.

"இன்னா பாக்கறே?" என்றார் கோதண்டராமன்.

அந்தோணி வாயைத் திறந்தான். பின்னால் நின்ற ஜியாவுல்லா அவன் குதிகாலை மிதித்தார். வாய் மூடிக்கொண்டது.

அன்று சக்கரம் பாடியது. தோல் பட்டாகியது. துரை வந்தபோது அந்தோணி நாலு நாள் வேலையை ஒரே நாளில் முடித்து அடுக்கி வைத்திருந்தான். துரை தோலைத் தடவிப் பார்த்துவிட்டு, எப்படி என்று கேட்டார். கோதண்டராமன் முன்னால் வந்தார்.

"எல்லாம் மெத்தையின் வயது, துரை அவர்களே. ஒன்பது வருஷம் பொறுமையாகக் கனியவைத்த மெத்தை. அவசரக்காரர்கள் புதுசாக மாட்டிக் கெடுப்பார்கள். ஊறுகாய், உயில், உத்தியோகஸ்தன் இந்த மூன்றும் நாள்பட்டால்தான் மதிப்பு. நான் இந்தக் கிடங்கில் பதிமூன்று வருஷமாக இருக்கிறேன். ஒரு தடவைகூட ஒரு மெத்தையையும் தொட்டுப் பார்த்ததில்லை. தொட்டுப் பார்ப்பது நம்பிக்கை இல்லாதவன் வேலை."

துரை அந்தோணியைப் பார்த்தார். மெத்தை எப்படி இருக்கிறது என்று துரை கேட்டதைச் சம்பத் தமிழில் சொன்னார்.

அந்தோணிக்குப் பொய் சொல்லிப் பழக்கம் இல்லை. கொஞ்சம் யோசித்தான். "பதினாலாம் விதிப்படி குடுத்தாங்க. ரொம்ப மெத்துனு இருக்குதுங்க" என்றான். ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை பாருங்கள்.

துரை மகிழ்ந்துபோனார். கோதண்டராமனுக்குக் கை கொடுத்தார். இந்த அதிசயத்தைக் காட்ட அடுத்த மாதம் இன்னும் நாலு கம்பெனி துரைகளை அழைத்துவருவதாகச் சொல்லிப் போனார். கோதண்டராமன் அன்றைக்கே இங்கிலாந்துக்குக் கடிதம் எழுதினார்: இனிமேல் மெத்தைகளைப் பழசாகவே அனுப்பவும். முடிந்தவரை அப்படித்தான் அனுப்பி வருகிறோம் என்று அவர்கள் பதில் எழுதினார்கள்.

நாலு துரை வருகிறார்கள் என்றால் திரும்பவும் சுண்ணாம்பு அடிக்கவேண்டும். சம்பத் அதைச் சொன்னபோது அந்தோணியின் முகம் வெளுத்துவிட்டது. ஜியாவுல்லா கையிலிருந்த பீடி கீழே விழுந்தது. திரும்ப வெளியே எடுத்து, திரும்பப் பதினாலாம் விதிப்படி உள்ளே வைத்தால்? கடைக்கோடியில் உட்கார்ந்திருக்கிற கிழடெல்லாம் எழுந்து வாசலுக்கு வந்துவிடும்.

அன்று சாயந்திரம் அந்தோணி வீட்டுச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு நின்றான்.

"கையை எடுய்யா!" என்று அலறினாள் சவுரியம்மாள். "கிறிஸ்துமசுக்கு அடிச்ச சுண்ணாம்பு. தோல் கறைக் கையை வெச்சுட்டியே. அஞ்சு விரலும் அப்படியே பதிஞ்சுபோச்சு. இன்னொரு பூச்சு அடிச்சாத்தான் போவும்."

அந்தோணி சுவரைப் பார்த்தான். கையைப் பார்த்தான். பெண்டாட்டியைப் பார்த்தான். "இன்னொரு வாட்டி சொல்லு" என்றான்.

"இன்னொரு பூச்சு அடிக்கணும்னேன். இன்னாத்துக்குச் சிரிக்கறே? குடிச்சியா?"

குறித்த நாளில் பெட்டிகள் வெளியே வந்தன. சுவருக்கு ஒரு பூச்சு ஆயிற்று. சாயந்திரம் பதினாலாம் விதிப்படி உள்ளே போயின. போகும்போது கிழட்டுப் பெட்டிகள் வாசலுக்கு வந்து சேர்ந்தன. யாரும் முகம் சுளிக்கவில்லை. ஆனால் அன்றைக்கென்று பார்த்து, பெட்டி தூக்கின பன்னிரண்டு பேருக்கும் ஒரே தள்ளாட்டம். ஒருவன் இடறிச் சுவரில் ஊன்றினான். ஒருவன் மூச்சு வாங்கச் சாய்ந்தான். ஜியாவுல்லா இடுப்பு பிடித்துவிட்டது என்று இரண்டு கையாலும் சுவரைப் பிடித்துக்கொண்டார். பட்டைச் சாற்றில் பதனிட்ட தோலை வருஷக்கணக்காகப் பிடித்துக் கறை ஏறிய கைகள்.

மறுநாள் காலை கதவைத் திறந்த கோதண்டராமன் அப்படியே நின்றுவிட்டார். வெள்ளைச் சுவர் முழுக்கப் பழுப்புக் கைகள். இருநூறுக்குக் குறையாது.

"யார் கை இது?"

பன்னிரண்டு பேரும் கையை நீட்டினார்கள். இருபத்து நாலும் ஒரே நிறம்.

"நாலு துரை வராங்க சார்" என்றார் ஜியாவுல்லா, வருத்தமாக. "ஆளுக்கொரு கையாப் புடிச்சுக் குலுக்கினாலும் மிச்சம் இருக்குமே. ரொம்ப பேஜாரு."

கோதண்டராமன் விசாரணை வைக்கலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தார். துரைகளின் ரயில் அரக்கோணத்தைத் தாண்டிவிட்டிருக்கும் என்று சம்பத் சொன்னார்.

"எல்லாத்தையும் வெளியே எடுங்கடா. இன்னொரு பூச்சு அடிங்க. திரும்பி வைக்கும்போது..."

"பதினாலாம் விதிங்க" என்றார்கள் பன்னிரண்டு பேரும்.

கோதண்டராமனுக்குக் கண் கலங்கிவிட்டது. தொழிலாளிகள் விதியைப் பாடமாகச் சொல்கிறார்கள். பதிமூன்று வருஷ உழைப்பு வீண் போகவில்லை.

மத்தியானத்துக்குள் எல்லாம் வெளியே வந்து, எல்லாம் உள்ளே போயிற்று. கடைசிப் பெட்டியைத் தூக்கிவந்தவன் அந்தோணி. அதை வாசலண்டை, சம்பத் அப்போதுதான் 1926 என்று எழுதியிருந்த இடத்தில் வைத்தான். குனிந்து முகர்ந்து பார்த்தான். அதே புது ரப்பர் வாசனை. நிமிர்ந்தபோது அவன் தோளில் சுவரின் ஈரம் ஒட்டியிருந்தது. ஆறு வருஷத்தில் முதல் தடவையாக, துடைக்காமல் விட்டான்.

துரைகள் வந்தார்கள், பார்த்தார்கள், மெச்சினார்கள். கோதண்டராமனின் பேச்சு முக்கால் மணி நேரம் நடந்தது. 'இரண்டு பூச்சு' என்பது ஐம்பத்து மூன்றாம் விதியானது.

அன்று பொழுது சாய, வேலை முடிந்து வந்த அந்தோணி வாசற்படியில் உட்கார்ந்து வெற்றிலைப் பெட்டியைக் கேட்டான். சவுரியம்மாள் வழக்கம்போல ஒரு வெறும் வெற்றிலையைத் துடைத்து நீட்டினாள்.

"சுண்ணாம்பு தடவு" என்றான்.

அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவனும் அவளைப் பார்த்தான், இருக்கிற கண்ணால். டப்பியைத் திறந்து விரலை வைத்தவள் கேட்டாள்: "எத்தினி?"

"ரெண்டு பூச்சு."